எங்கள் ஊர்க் கடற்கரை

பெரம்பலூரில் கடற்கரை இருக்கிறது என்று நான் சொன்னால், நேயர்கள் என்னைப் பற்றி என்ன அபிப்பிராயம் கொள்வார்கள் என்பதை நான் அறிவேன். என் ஸகதர்மிணி அந்த அபிப்பிராயத்தை வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"பெட்ரோல் போட மனசில்லை என்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்களேன். குழந்தையிடம் எதற்குப் பொய்?" என்றாள்.

விஷயம் இதுதான். சென்ற மாசி மாதத்தில் எங்கள் பெண், வயது பத்து, கடல் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். வகுப்பில் அவள் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரும் கடல் பார்த்துவிட்டார்களாம். (நான் துருவி விசாரித்ததில் 'எல்லோரும்' என்பது நாலு பேர் என்று தெரிய வந்தது.) பெரம்பலூரிலிருந்து தரங்கம்பாடி நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. எங்களிடம் உள்ள மாருதி வண்டியோ எனக்கு முன் இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்து களைத்த வண்டி. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் தண்ணீர் கேட்கும். எழுபதில் பெருமூச்சு விடும். ஆகவே, "சாயங்காலத்துக்குள் போய்த் திரும்பக் கூடிய கடல் ஒன்று எனக்குத் தெரியும், அங்கே போகலாம்" என்றேன்.

நான் சொன்னது பொய்யன்று. நமது பாரத பூமி ஒரு காலத்தில் தெற்கே அண்டார்ட்டிக்கா முதலிய நிலங்களோடு ஒட்டிக் கிடந்தது. அந்தக் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து வடக்கே பிரயாணம் புறப்பட்டபோது, அதன் கீழ் விளிம்பில் பெரும் பள்ளங்கள் விழுந்தன. அவற்றில் ஒன்றில் கடல் புகுந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த கடல், முன்னேறுவதும் பின்வாங்குவதுமாக, சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வரையில் இந்தப் பக்கத்தை விடவில்லை. இன்று அரியலூரிலிருந்து நேர்க்கோடு போட்டாலும் வங்கக் கடல் 80 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. அன்று அரியலூரே கடலுக்குள் இருந்தது.

கடல் மட்டுமா இங்கே போக்குவரத்து நடத்தியது? 1995 வரையில் இந்த ஊர்கள் யாவும் திருச்சிராப்பள்ளி ஜில்லா. அந்த ஆண்டில் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. 2001-ல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது. 2002-ல் மீண்டும் சேர்ந்தது. 2007-ல் மறுபடி பிரிந்தது. எங்கள் ஊர் வரைபடத்தை ஒழுங்காக மனப்பாடம் செய்த மாணவன் ஒருவனும் இல்லை என்றால், குற்றம் முழுவதும் ஆசிரியருடையதல்ல.

அந்தக் கடலுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அதை வழியில் சொல்கிறேன்.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். பின் ஆசனத்தில் என் தாயாரும் குழந்தையும். அவர்களுக்கு நடுவே மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு தூக்குப் பாத்திரத்திலும், புளிச்சோறு மற்றொன்றிலும் பிரயாணம் செய்தன. திருச்சி நெடுஞ்சாலையில் சிறுவாச்சூர் வந்தது. மதுரகாளியம்மன் கோவில் நடை திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையுந்தான் திறக்கும்.

"நடை சாத்தியிருக்கிற நாளாகப் பார்த்துக் கிளம்பியிருக்கிறாயே, தம்பி!" என்று அம்மா சொல்லிவிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக் கொண்டார்கள்.

மேற்கே பச்சைமலை இளநீலமாகப் படுத்திருந்தது. சாலையின் இரு புறமும் மக்காச்சோளம் அறுத்த தட்டையும், சின்ன வெங்காயம் பிடுங்கிய பாத்திகளும், வெடித்துச் சிரிக்கும் பருத்தியுமாக வந்து கொண்டேயிருந்தன. மாசி வெயில் ஏழு மணிக்கே சுறுசுறுப்பாக வேலையைத் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்து வெயிலுக்குச் சோம்பல் என்பது தெரியாது.

பாடாலூரில் கிழக்கே திரும்பினோம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதுவரையில் கண்ட நிலம் கருங்கல் நிலம். ஆங்காங்கே பாறைகள் முதுகைக் காட்டிக் கொண்டிருக்கும். கிழக்கே திரும்பிச் சிறிது தூரம் போனால் கருங்கல் மறைந்துவிடுகிறது. மண்ணின் நிறமே வேறாகிறது. கருங்கல் முடிகிற இடந்தான் கரை. அதற்கு அப்பால் கடல். நான் வண்டியை நிறுத்தி, "அம்மா, இதோ பார், இங்கேதான் அலை வந்து மோதியது!" என்று பெண்ணிடம் சொன்னேன். அவள் எட்டிப் பார்த்தாள். ஓர் ஆட்டு மந்தை எங்களைக் கடந்து போயிற்று.

"அலை எங்கே, அப்பா?"

"போய்விட்டது."

"எப்போது வரும்?"

இதற்குப் பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினேன்.

ஊட்டத்தூர், ஜில்லா எல்லையைச் சற்றே தாண்டித் திருச்சிப் பக்கத்தில் இருக்கிறது. பஞ்சநதனம் என்ற அபூர்வக் கல்லில் செய்த நடராஜர் இந்த ஊர்ச் சிவன் கோவிலில் எழுந்தருளியிருக்கிறார். அம்மாவின் மனக்குறை இங்கே தீர்ந்தது. ஆனால் நமது ஜனங்கள் நடராஜரை அறிந்த அளவுக்கு, உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் ஊட்டத்தூர் என்ற பெயரையே அறிந்திருக்கிறார்கள். 1862-ல் ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தப் பக்கத்துப் பாறைகளையெல்லாம் ஆராய்ந்து, அடியில் உள்ள அடுக்குக்கு ஊட்டத்தூர் என்றும், அதன் மேல் உள்ளதற்குத் திருச்சிராப்பள்ளி என்றும், அதற்கும் மேலே அரியலூர் என்றும் பெயர் வைத்தார். எங்கோ ஐரோப்பாவில் ஒரு பண்டிதர் 'ஊட்டத்தூர்' என்று உச்சரிக்க முடியாமல் நாக்கைக் கடித்துக் கொண்டிருக்கையில், அடுத்த ஊரிலேயே பிறந்த நமக்கு அது ஏனென்று தெரியாமலிருந்தது. (மேற்படி பிளான்ஃபோர்டு பிற்பாடு உத்தியோகம் மாறி, இந்தியாவின் மழையை ஆராயும் இலாகாவுக்குத் தலைவரானார். எங்கள் ஊரில் வேலை செய்த எவனும் கடைசியில் மழையைத்தானே தேட வேண்டும்!)

* * *

காரை என்ற கிராமத்துக்கு அருகே வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்தோம். இந்த இடத்தை வர்ணிப்பது எனக்குச் சாத்தியமானதல்ல. இருந்தாலும் முயன்று பார்க்கிறேன்.

பச்சையாக இருந்த பூமி திடீரென்று தோலை உரித்துப் போட்டுவிட்டாற்போல் நிற்கிறது. மரம் இல்லை, புல்கூட அருமை. செம்மையும் மஞ்சளும் சாம்பல் நிறமுமாகக் களிமண் குன்றுகள். மழை நீர் அவற்றை ஆயிரக்கணக்கான ஓடைகளாக அறுத்திருக்கிறது. ஒரு குன்றின் முதுகில் நின்று பார்த்தால், வரிசை வரிசையாக மேடும் பள்ளமும் கண்ணுக்கெட்டிய மட்டும் போகின்றன. புயற் காலத்துக் கடலை யாரோ ஒரு முனிவர் "நில்!" என்று சபித்துவிட்டாற்போல் இருந்தது. நடுநடுவே ஜிப்சக் கல் கண்ணாடிச் சில்லுகளைப்போல் வெயிலில் பளிச்சிடுகிறது. இந்தச் சேறு முழுவதும் அந்தக் கடலின் அடியில் தங்கிய வண்டல்.

குழந்தை உட்கார்ந்து மண்ணைக் கிளறத் தொடங்கினாள். ஐந்து நிமிஷத்தில், "அப்பா, இங்கே யாரோ பென்சில் தொலைத்திருக்கிறார்கள்!" என்று கத்தினாள். சுண்டு விரல் கனத்தில், ஒரு முனை கூராக, பழுப்பு நிறத்தில் ஒரு கல் துண்டு. 'பெலம்னைட்' என்று இதற்குப் பெயர். நமது மீன் சந்தைகளில் விற்கும் கணவாய் இருக்கிறதே, அதன் தூரத்துப் பங்காளி ஒன்று அந்தக் கடலில் நீந்திக் கொண்டிருந்தது. அதன் உடம்புக்குள் இருந்த கெட்டியான பாகந்தான் இந்தப் 'பென்சில்'. சுறா மீன்களின் பற்களும் இந்த மண்ணில் அகப்பட்டிருக்கின்றன. இதைச் சொன்னதும் அவள் சட்டென்று காலைத் தூக்கிக் கொண்டாள்.

"எடுத்துக் கொள்ளட்டுமா?"

"கூடாது. வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்தால் பிறகு என்ன மிஞ்சும்?" என்றேன். அவள் முகம் வாடியது. ஒரு கல்லை எடுக்காதே என்று குழந்தைக்கு உபதேசம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை என்ற எண்ணம் அப்போது சுருக்கென்று தைத்தது. காரணத்தைச் சொல்லும் சமயம் வந்துவிட்டது.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நான் எம். ஏ., பி. எட். முடித்து, அரியலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியனாகச் சேர்ந்தேன். புதுச் சட்டை, புதுப் பேனா, புது அகம்பாவம். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் ராஜேந்திர சோழனுடைய கடற்படையைப் பற்றிப் பாடம் நடந்தது. கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் பக்கத்து ஊர். 1025-ல் அந்தச் சக்கரவர்த்தியின் கப்பல்கள் கடல் கடந்து கடாரத்தை வென்ற பெருமையை ஆவேசத்துடன் சொல்லிக் கொண்டிருந்தேன். கடைசிப் பெஞ்சியில் ஒரு பையன் எழுந்தான். அவன் வீட்டுக் கொல்லையில் வேலை இருக்கும் நாட்களில் பள்ளிக்கு வரமாட்டான். வரும் நாட்களில் வாயைத் திறக்க மாட்டான்.

"ஸார், எங்க கொல்லையிலே கடல் நத்தை கிடக்குது, ஸார்" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டினான். உள்ளங்கை அகலம், சுருள் சுருளாக, ஓரத்தில் வரிவரியாக.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவன் என்னைப் பரிகாசம் செய்வதாக எண்ணிக் கொண்டேன். "உன் கொல்லைக்குக் கடல் எந்த வழியாக வந்தது? பஸ் ஏறியா?" என்று கேட்டேன். மறுபடி சிரிப்பு. கல்லை வாங்கி ஜன்னல் வழியே வீசினேன். பீரியட் முடியும் வரையில் அவனை நிற்க வைத்தேன். ராஜேந்திர சோழனுடைய கப்பல்கள் தடங்கலின்றிக் கடாரம் போய்ச் சேர்ந்தன.

சில ஆண்டுகள் கழித்து, ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி முகாமில் பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியர் ஒருவர் மேஜைமேல் ஒரு கல்லை வைத்தார். அதே சுருள், அதே வரி. 'அம்மோனைட்' என்றார். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகத்திலிருந்தே அற்றுப்போன கடற்பிராணி என்றார். அரியலூர் வட்டாரத்தில் அகப்படுவது போன்ற அம்மோனைட்டுகள் அபூர்வம் என்றும், 1840-களிலேயே கே, கன்லிஃப் என்ற இரு துரைமார்கள் இந்தப் பக்கத்திலிருந்து இவற்றைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள் என்றும், எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற நிபுணர் 1846-ல் அவற்றை வர்ணித்து எழுதினார் என்றும் சொல்லிக்கொண்டே போனார். பிற்பாடு ஸ்டோலிச்கா என்ற மொராவிய தேசத்து இளைஞர், எங்கள் மண்ணின் கடற்பிராணிகளைப் பற்றியே பல ஆண்டுகள் எழுதி முடித்து, 1874-ல் இமயத்துக்கு அப்பாலிருந்து திரும்பும் வழியில் உயிர் நீத்தார் என்றும் கேட்டேன். எங்கேயோ பிறந்தவன் உயிரைக் கொடுத்துத் தேடிய வஸ்துவை, அந்த மண்ணிலேயே பிறந்த பையன் என் கையில் கொண்டு வந்து கொடுத்தான். நான் ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

அதற்குள் அவன் பள்ளியை விட்டு நின்று போயிருந்தான். என்னால் நின்றான் என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷம் மழை தவறியது, வீட்டில் கஷ்டம். ஆனால் நிற்பதா வேண்டாமா என்று அவன் யோசித்த இரவில், அந்த ஜன்னல் ஞாபகத்துக்கு வராமலா இருந்திருக்கும்?

* * *

சாத்தனூர்க் கல்மரம் எங்கள் ஜில்லாவின் பெருமை. வேலி போட்டு, பூங்கா அமைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். ஒரு மரம், 18 மீட்டர் நீளம், படுத்துக் கிடக்கிறது. தொட்டால் கல்; பார்த்தால் மரம். பட்டையின் கோடுகள் வரையில் தெரிகின்றன. பூக்கிற மரங்கள் உலகத்தில் பல்கிப் பெருகுவதற்கு முன்னால் ஆதிக்கம் செலுத்திய ஊசியிலை மர ஜாதியைச் சேர்ந்தது. கரையோரத்தில் வளர்ந்து, வெள்ளத்தில் விழுந்து, கடலுக்குள் அடித்துக்கொண்டு போகப்பட்டு, சேற்றில் புதைந்தது. அங்கே நீரில் கரைந்திருந்த சிலிகா என்ற மணற்சத்து அணு அணுவாக மரத்துக்குள் புகுந்து, மரம் இருந்த இடத்தில் கல்லை வைத்துவிட்டுப் போயிற்று. அதன் வயது 12 கோடி ஆண்டு என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இரண்டொரு கோடி முன்பின் இருந்தாலும் மரத்துக்கு ஆட்சேபமில்லை.

1940-ல் இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சை ஜில்லாத் தமிழர். அதுவரையில் வெள்ளைக்காரர்களே தலைமை வகித்த இந்தியப் பூகர்ப்ப இலாகாவுக்கு, சுதந்திரத்துக்குப் பிறகு 1951-ல், இந்தியர்களில் முதலாவதாகத் தலைவரானவர். ஊர் ஜனங்கள் இந்த மரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் கொண்டுதான் இருந்திருப்பார்கள். மேய்ச்சலுக்கு வந்த எத்தனை பையன்கள் அதன்மேல் உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்தார்களோ! ஆனால் 'இது என்ன?' என்று குனிந்து கேட்க ஒருவர் வந்தார் அல்லவா? அதைப் பற்றித்தான் நினைத்துக் கொண்டு நின்றேன்.

அம்மா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "என்ன பாவம் செய்ததோ, கல்லாய்ப் போச்சு" என்றார்கள். அகல்யையின் கதையைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வண்டி ஏறினார்கள். பேத்தி என் பக்கம் திரும்பி, "ஆச்சி சொல்வது சரியா, நீ சொல்வது சரியா?" என்று கேட்டாள். மனைவி முந்திக்கொண்டு, "இரண்டு பேரும் பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் இல்லை; நான் சொல்வதுதான் சரி. இட்லி சாப்பிடலாம்" என்றாள்.

குன்னம் வழியாக அரியலூருக்குப் போனோம். 2020-ல் இந்தக் குன்னத்தருகே மண் தோண்டிய இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் அகப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி கிளம்பி ஒரே நாளில் தமிழ்நாடு முழுவதும் பறந்தது. அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிவு சேர்ந்து உருண்டையான கற்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். முட்டையைப் பார்க்கத் திரண்ட கூட்டம் அம்மோனைட்டு என்றதும் கலைந்துவிட்டது. கடல் வந்து போன ஆச்சரியம் போதவில்லை!

டைனோசரும் இல்லாமலில்லை. அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் பிளான்ஃபோர்டு காலத்திலிருந்தே எலும்புகள் அகப்பட்டு வந்தன. யாதகிரி, அய்யாசாமி என்ற இரு இந்திய நிபுணர்கள், அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு உரிய பிராணிக்கு 1987-ல் 'பிருகத்காயோசாரஸ்' என்று பெயர் சூட்டினார்கள். பிருகத் காயம் என்றால் பேருடல். அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் மாமிச பட்சிணி என்று நினைத்தார்கள். பிறகு, தாவரம் தின்னும் ராட்சஸ ஜாதி, ஒருவேளை உலகத்தில் நடமாடிய பிராணிகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் நிச்சயம் செய்ய வழியில்லை. உதிரும் தன்மையுள்ள அந்த எலும்புகள் எங்கள் பக்கத்து மழையில் ஊறிக் குலைந்து போயின. மிஞ்சியவை சில படங்களும் அளவுகளுந்தாம். 2022-ல் அந்தப் படங்களை வெளியிட்டார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, நம் கைக்கு வந்தபின் அழிந்தது.

* * *

அரியலூரை நெருங்க நெருங்கச் சாலையில் லாரிகள் பெருகின. சாலை ஓரத்து மரங்களுக்கு இலை எது, புழுதி எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் வெள்ளை. எதிரே வரும் லாரியைக் கண்டால் என் மாருதி தானாகவே ஒதுங்கி நிற்கும் மரியாதை தெரிந்த வண்டி. மனைவி குழந்தையின் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

இந்த லாரிகளில் போவது என்ன? கடல்! கல்லங்குறிச்சி முதலிய இடங்களில் 'கிரைஃபியா' என்ற தடித்த ஓட்டுச் சிப்பிகள் கோடானுகோடியாகப் படுகை படுகையாகக் கிடக்கின்றன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழங்குறைந்த கடலில் வாழ்ந்தவை. அந்த ஓடுகளும் அவற்றைச் சூழ்ந்த படிவுமே சுண்ணாம்புக்கல். அதை வெட்டி, பொடித்து, களிமண்ணோடு சேர்த்து, 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டு, கொஞ்சம் ஜிப்சம் கலந்து அரைத்தால் சிமெண்டு. இப்படி அரைக்கும் ஆலைகள் அரியலூரைச் சுற்றிலும் புகை போக்கிகளை நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

இதைப் பற்றிக் கண்டனம் எழுதத் தொடங்கினால் பேனா நன்றாக ஓடும். ஆனால் பெரம்பலூரில் நான் கடன் வாங்கிக் கட்டிய வீடு சிமெண்டினால் கட்டியது. நான் போதிக்கும் பள்ளிக்கூடம் சிமெண்டு. சாத்தனூர் மரத்தைச் சுற்றி நட்ட வேலிக்காலின் அடியிலும் சிமெண்டு இல்லாமலா இருக்கும்? மேலும், நிபுணர்கள் தேடும் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டு வருவதே பல சமயங்களில் சுரங்கக்காரனுடைய இயந்திரந்தான். காலையில் வெளியே வந்த அம்மோனைட்டு, குனிந்து பார்க்க ஆள் வராவிட்டால், சாயங்காலம் அரைவைக்குப் போய்விடும், வித்தியாசம் அவ்வளவுதான். வாரணவாசியில் இந்தப் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அன்று எங்களுக்கு அதற்கு நேரமில்லாமற் போயிற்று. நான் போக வேண்டிய இடம் வேறொன்று இருந்தது.

என் பழைய பள்ளிக்கூடத்துக் கிராமத்துக்கு வண்டியைத் திருப்பினேன். சாலை எனக்குத் தெரிந்த இடத்தில் திரும்பவில்லை. முந்திரித் தோப்பு இருந்த பக்கம் ஒரு மண்மேடு எழும்பி நின்றது. வண்டியை நிறுத்தி மேட்டில் ஏறிப் பார்த்தோம்.

கீழே பெரிய பள்ளம். வேலை ஓய்ந்து போன சுரங்கம். வெண்மையான சுவர்கள் செங்குத்தாக இறங்குகின்றன. அடியில், கண்ணைப் பறிக்கும் பசுநீல நிறத்தில் தண்ணீர். காற்றில் அது மெல்ல அலையடித்துக் கொண்டிருந்தது. இரண்டு நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்தன.

"அப்பா! இதுதானா கடல்?" என்று குழந்தை கை தட்டினாள். அவளுடைய முகத்தில் அன்று முதல் தடவையாகச் சந்தோஷம் பூரணமாக இருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓரத்துக்குப் போகாமல் அவளுடைய கையை இறுகப் பிடித்துக் கொண்டேன். இம்மாதிரிப் பள்ளங்களில் குளிக்க இறங்கும் பிள்ளைகளைப் பற்றி எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு எப்போதும் பயம்.

கிராமத்தில் டீக்கடை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பையனின் பெயரையும் அவன் தகப்பனார் பெயரையும் சொல்லி விசாரித்தேன். வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கொண்டிருந்த ஓர் அம்மாள் தலை நிமிர்ந்து, "நீங்க யாரு?" என்றாள். சொன்னேன்.

"வாத்தியாரா! நான் அவனுக்குச் சின்னம்மா. அவன் திருப்பூரிலே பனியன் கம்பெனியிலே இருக்கிறான். பெண்டாட்டி பிள்ளையோடு நல்லா இருக்கிறான். அவங்க கொல்லை மைன்ஸுக்குப் போயிட்டுது. உங்களுக்கு ஏதாச்சும் கொடுக்கணுமா அவன்?" என்று கேட்டாள்.

"நான்தான் கொடுக்க வேண்டும், அம்மா" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. டெலிபோன் எண்ணை மட்டும் கொடுத்தாள்.

அன்று இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, மொட்டை மாடிக்குப் போனேன். மூன்று தடவை எண்ணைப் போட்டு மூன்று தடவையும் துண்டித்தேன். நாலாவது தடவை மணி அடிக்க விட்டேன். என் பெயரைச் சொன்னதுமே, "ஸார்! நீங்களா, ஸார்?" என்று உரத்த குரல் வந்தது. பின்னால் இயந்திரங்களின் ஓசை. க்ஷேமலாபங்கள் விசாரித்தோம். பிறகு நான், மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பிக்கத் தொடங்கினேன். அவன் கொண்டு வந்த கல்லைப் பற்றி. அது உண்மையில் என்ன என்பதைப் பற்றி. நான் செய்ததைப் பற்றி.

"எந்தக் கல்லு, ஸார்?" என்றான் அவன்.

மறுபடி சொன்னேன்.

"நீங்க என்னை நிக்க வச்சது ஞாபகம் இருக்குது, ஸார். கல்லு ஞாபகமில்லை. அந்த நத்தைக் கல்லுங்களா? எங்க கொல்லையிலே உழுதா வந்துக்கிட்டே இருக்குமே! வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு மூட்டை கொண்டாந்து போட்டிருப்பேனே, ஸார்."

நான் பேசாமலிருந்தேன். அவனே, "இப்போ அந்தக் கொல்லை இல்லை, ஸார்" என்றான். சிறிது நேரம் இயந்திரங்களின் ஓசைதான் கேட்டது. பிறகு, "அது கடல்தானா, ஸார், நிசமாவே?" என்று கேட்டான்.

"நிஜமாகவேதான். நீ சொன்னதுதான் சரி."

அவன் சிரித்தான். யாரிடமோ, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, "எங்க பையனுக்கு ஒன்பது வயசு, ஸார். அவனும் கடல் பார்க்கணும்னு நிக்கிறான். பரீட்சை லீவுக்கு ஊருக்கு வருவோம். வாரணவாசியிலே மியூசியம் ஒண்ணு இருக்குதாமே, அதை எத்தனை மணிக்குத் திறக்கிறாங்க?" என்றான்.

விசாரித்துச் சொல்வதாகவும், அன்றைக்கு என் வண்டியிலேயே எல்லோரும் போகலாம் என்றும் சொன்னேன். வண்டியின் நிலைமையைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.